கேரம் பலகைக்கு எதிர்ப்பக்கம்

பதினாறு வருடம் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை பார்த்தேன். பக்கவாதத்தில் விழுந்தவர்களையும் விபத்தில் அடிபட்டவர்களையும் விளையாட்டு, பாட்டு என்று பழக்கித் தேற்றுவதும், அதை மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அதை விட்டுவிட்டு, முதுமையிலும் தெம்பாக இருப்பவர்களைப் பற்றி ஆய்வு செய்ய வந்தேன்.

அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரைக்குடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். மையத்தில் காலை முதல் மாலை வரை யாராவது "டீச்சர்" என்று கூப்பிட்டபடி இருப்பார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்துவிடுவேன்.

என் ஆய்வு நெறியாளர் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: "கேளுங்க, எழுதுங்க, வந்துருங்க. பழைய ஞாபகத்துல எதையாவது சொல்லிக்கொடுத்துராதீங்க. அப்புறம் நாம பாக்குறது அவங்க வாழ்க்கையா இருக்காது."

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றின் பின்கட்டில், அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். வயது எழுபத்தெட்டு. நான் முதலில் போனபோது கேரம் ஆடிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காயை அடித்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, பலகையைச் சுற்றிப் போய் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து கறுப்பை அடித்தார்.

"ஒக்காருங்கம்மா, ஒரு ஆட்டம் போடுவோம்."

"எனக்கு ஆடத் தெரியாதுங்கய்யா" என்றேன். எத்தனையோ நடுங்கும் விரல்களுக்குக் கேரம் பழக்கியவள் நான். அவர் எழுந்து மறுபக்கம் போனார்.

நான்கு மாதம் கழித்து இரண்டாம் முறை போனேன். கடந்த ஏழு நாளில் யாருடனாவது உட்கார்ந்து பேசினீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அவர் நாள்களை விரல்விட்டு எண்ணினார்.

"போன தடவ நீங்க வந்தீகள்ல, அதச் சேத்துக்கலாமா?"

'இல்லை' என்று எழுதினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே கேள்வியை எனக்கும் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே பதில்தான்.

அடுத்த சனிக்கிழமை படிவம் இல்லாமல் போய் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் மூன்றாவது அடியிலேயே சிவப்புக் காய் குழியில் விழுந்தது.

"தெரியாதுன்னீக."

"பொய் சொன்னேங்கய்யா."

"சரி, ஃபாலோ போடுங்க. இல்லாட்டி ரெட்டு செல்லாது" என்றார்.

திங்கட்கிழமை நெறியாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெரியவரின் படிவங்களை எடுத்துத் தனியே வைத்தார். "இனிமே ஆய்வுக்குன்னு அங்க போகாதீங்க."

"ஆய்வுக்குப் போகல சார்."

சனிக்கிழமைதோறும் போனேன். இரண்டு மாதத்தில் பெரியவர் எழுந்திருக்கவே சிரமப்பட்டார். நான் வரத் தொடங்கிய பிறகு மற்ற நாள்களில் தனியாக ஆடுவதை விட்டுவிட்டிருந்தார். அந்த முழங்கால்களைக் காப்பாற்றி வந்தது பலகையைச் சுற்றிய நடைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு இரண்டு அடிக்கு ஒருமுறை இருவரும் எழுந்து இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தேன்.

"இது எந்த ஊரு ஆட்டம்மா?" என்று முணுமுணுத்தபடியே எழுந்து வருவார்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு திருச்சியிலிருந்து மகன் வந்து அவரை அழைத்துப் போய்விட்டார். எனக்குச் சொல்லியனுப்ப அவர்களிடம் என் விலாசம் இல்லை. அந்தச் சனிக்கிழமையும் போய், பூட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, திரும்பும் பஸ்ஸுக்காக வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. அவர் அதில் இல்லை.