பொடிசும் அந்த எலாஸ்டிக்கும்

நாங்கள் நர்ஸ் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் இருக்கிறோம். என் பக்கத்து மெஷின் பொடிசு. ஆள் சின்னது, அதனால் அந்தப் பேர். காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளை பெற்ற சூட்டோடு வேலைக்கு வந்துவிட்டாள்.

வந்த புதிதில் ஒரு வெள்ளைச் சட்டைமேல் அவள் தாய்ப்பால் சொட்டிவிட்டது. சூப்பர்வைசர் மகராசி அத்தனை பேர் நடுவில் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதென்ன கம்பெனியா, மாட்டுக்கொட்டகையா?" என்றாள். அவளும் இரண்டு பெற்றவள்தான்.

மறுநாள் பொடிசு பேன்ட் இடுப்புக்கு வைக்கிற அகல எலாஸ்டிக்கை இரட்டையாக மடித்துத் தைத்து, மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். தையல்காரிக்குத்தான் அப்படி ஒரு கோணல் புத்தி வரும். ஒரு சொட்டு கசியவில்லை. பால் உள்ளேயே தேங்கி இடது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டது. தோல் சிவந்து, குளிர் காய்ச்சலும் வந்தது.

வீட்டில் மாமியார் வைத்தியம் ஆரம்பம். "பால் கெட்டு விஷமாயிடுச்சு, அந்தப் பக்கம் குடுக்காதே" என்று தடுத்துவிட்டு, கட்டி கரைய வேண்டுமென்று முஷ்டியால் பிசைந்தாள். புருஷனோ, "அம்மாவுக்குத் தெரியாததா?" என்றான். அம்மா மடியை விட்டு இன்னும் இறங்காத ஜென்மம்!

பொடிசு மெஷின்மேலேயே சாய்ந்த அன்றைக்கு நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். ஸ்கேனில் சீழ் தெரிந்தது. டாக்டரம்மா ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார். மாத்திரை எழுதினார்.

"இறுக்கிக் கட்டக் கூடாது, பிசையவும் கூடாது. ஐஸ் ஒத்தடம் குடுங்க. ரெண்டு பக்கமும் பால் குடுங்கம்மா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்தினா திரும்பவும் கட்டும். அப்புறம் கத்திதான் வைக்கணும்."

வீட்டுக்குள் நுழைந்தோம். மாமியார் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "விஷப்பாலை என் பேரனுக்குக் குடுக்க விடமாட்டேன்!"

"அம்மா சொல்றதக் கொஞ்சம் கேளேன்" என்றான் புருஷன்.

பொடிசு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையைப் பிடுங்கினாள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து அந்த இடது பக்கமே கொடுத்தாள். வலியில் பல்லைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர் ஓடியது. பிள்ளை அது பாட்டுக்குக் குடித்தது.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்று மாமியார் கத்தினாள்.

"விஷமா இருந்தா புள்ளைக்கா குடுப்பேன், அத்தை? உங்க காபியிலதான் ஊத்தியிருப்பேன்."