அண்ணாந்து பேசிய செக்கிங் மாஸ்டர்

‘ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்றவர் வானத்தைப் பார்த்தே பேசினார்.’ 2006 அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று என் டைரியில் இப்படி இருக்கிறது.

அவர் பனியன் கம்பெனியில் தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் மாஸ்டர். கன்னத்தில் அடக்கிய புகையிலை சிந்தாமலிருக்க அண்ணாந்துதான் பேசுவார். பரம்பரையாக வரும் எதிர்ப்புச் சக்திக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறவர்கள் நடத்திய முகாம் அது.

“எங்க அப்புச்சி, அம்மாவப் பெத்தவரு, தொண்ணூறு வயசு வரைக்கும் பொகையில போட்டாருங்க. ஒண்ணும் ஆகலீங்க. நம்ம ரத்தம் எக்ஸ்போர்ட் குவாலிட்டி” என்று கையை நீட்டினார்.

“அவருக்கு இருந்தது அப்படியே உங்களுக்கும் வந்திருக்கும்னு சொல்ல முடியாதுங்க” என்றார் இளம் டாக்டரம்மா. “ஒரு பீஸ் நல்லா இருந்தா மொத்த லாட்டையும் பாக்காமயே பாஸ் பண்ணுவீங்களா?”

“அதெப்படிங்க? ஒவ்வொண்ணா விரிச்சுப் பாக்கோணும்!”

“அப்ப வாயைத் திறங்க.”

வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கிறது, புகையிலையை விட்டுவிட்டு உடனே கோவையில் காட்டுங்கள் என்றார்.

அவர் முதன்முறையாகத் தலையைத் தாழ்த்தினார். “நான் ரிஜெக்டுங்களா, ஆல்ட்டருங்களா கண்ணு?”

டாக்டரம்மா விழித்தார். சரிசெய்தால் தேறிவிடும் பீஸுக்கு ஆல்ட்டர் என்று பெயர் என்றேன் நான்.

“இப்பவே போனா ஆல்ட்டர்தானுங்க” என்றார் டாக்டரம்மா.

இரண்டு மாதம் கழித்து கம்பெனி வேன் ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. “கோவை போனீங்களா?” என்று கத்தினேன்.

“போயாச்சுங்க! பாஸ்!” என்றார், அண்ணாந்தபடி.

அன்று வானத்தில் மழை மேகமும் இருந்தது. அவர் மேகத்தைப் பார்த்தாரா, வாயில் எதையாவது அடக்கியிருந்தாரா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.