வெந்நீர் ஊற்றிய தொட்டி

முதியோர் இல்லத்தில் உடன் வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘இரும்பு மூக்கு’. படுக்கைப்புண்ணுக்கும் நனைந்த விரிப்புக்கும் ஒருநாளும் முகம் சுளிக்காதவள். அப்படிப்பட்டவளுக்கே மருமகன் கொண்டுவந்து இறக்கிய கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் குடலைப் புரட்டியது.

உள்ளே ஓர் ஆக்ஸலாட்டில்; ஆயுசு முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிற ஒரு பிராணி. தோலுரித்த பல்லி மாதிரி வெளிறிய உடம்பு. இமையில்லாத கண்கள். தலையின் இருபுறமும் சிவந்த இறகுகள் போல் செவுள்கள். போதாததற்கு, இளித்த வாய் வேறு.

மகளுக்கு மசக்கை, தொட்டி வாடையே ஆகவில்லை. அது தணியும்வரை இங்கே இருக்கட்டும் என்ற மருமகன், “இதை நல்லா பாத்துக்கிட்டீங்கன்னா பிள்ளையையும் உங்ககிட்டயே விட்டுடலாம் அத்தை” என்று சிரித்துவிட்டுப் போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைச் சம்பந்தியம்மாள் வளர்ப்பதா, இவள் வளர்ப்பதா என்று அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

அப்போது குளிர்காலம். தண்ணீர் மாற்றும்போதெல்லாம், இல்லத்துப் பெரியவர்களைக் குளிப்பாட்டுகிற பழக்கத்தில், வெந்நீர் கலந்து முழங்கையை நனைத்துப் பதம் பார்த்து ஊற்றினாள். கொஞ்ச நாளில் அது தீனியைத் தொடவில்லை. செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டன. நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை. இது செத்தால் பேரப்பிள்ளையும் கைவிட்டுப் போன மாதிரிதான்.

வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் ஓடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏம்மா, அதை வளக்குறீங்களா, சூப்பு வைக்கிறீங்களா?” என்றார்.

அதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான் சுகம். இருபது டிகிரியைத் தாண்டினாலே நோய். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதன் தோலைச் சுடும். அதை முறிக்கிற சொட்டுமருந்து விடாமல் ஊற்றக் கூடாது. அடியில் பொடிக்கல் கிடந்தால் தீனியோடு விழுங்கிக் குடல் அடைத்துச் சாகும். கையால் தொடவே கூடாது. தீனிக்கு மண்புழு. இதெல்லாம் அவர் சொன்னது.

கற்களை அள்ளி வெளியே கொட்டினாள். இடுக்கில் மருமகன் காலத்துத் தீனி கூழாய் அழுகிக் கிடந்தது. வளர்க்கிற லட்சணம்! பிராணியைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, மருந்து விட்ட குளிர்ந்த நீரைத் தினமும் புதிதாக ஊற்றினாள். அதில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டாள். கழிவைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சினாள். மண்புழுவைக் கத்தரித்தபோது இரண்டு துண்டும் தனித்தனியே நெளிந்தன. ஓங்கரித்துக்கொண்டே இடுக்கியால் நீட்டினாள். அது பல நாள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் லபக்கென்று உறிஞ்சியது. பாதிப் புழு வாய்க்கு வெளியே துடித்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மசக்கை தணிந்து மகள் புருஷனோடு வந்தபோது பிராணி தொட்டிக்குத் திரும்பியிருந்தது; செவுள்கள் மறுபடி விரிந்திருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்த மகள், வாடையே இல்லாததைக் கண்டு கையை எடுத்தாள். வெந்நீர் ஊற்றிய கதையைத் தாய் ஒன்று விடாமல் சொன்னாள்.

“அத்தைக்கு இது மேல ஆசை வந்துடுச்சு போல” என்றார் மருமகன்.

“பாத்தாலே குமட்டுது மாப்பிள்ளை. பிடிச்சவங்களை மட்டுந்தான் கவனிக்கணும்னா எங்க இல்லத்துல பாதிப் பேரு பட்டினி கிடக்கணும்.”

மகள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். பிறகு, “பிள்ளை உங்கிட்டதாம்மா வளரும். மாமியார்கிட்ட நானே பேசிக்கிறேன்” என்றாள்.

“அப்போ முதல்ல இதைத் தூக்கிட்டுப் போங்க” என்றாள் தாய்.