உப்பு பார்க்காத கை

மலையடிவாரத்தில் என் கடை. மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்குத் தலையில் பூசச் சந்தனமும், வெயிலுக்குத் தொப்பியும் விற்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு கைக்குழந்தையின் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஷேர் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எப்போதும் தூரத்திலிருந்தே ஆரன் அடித்து என்னை வம்புக்கு இழுக்கிறவர், அன்றைக்கு அடிக்கவில்லை.

"தேவகி, சுந்தரேசன் சாமி பூட்டாரு. விடிகாலையில, தூக்கத்துலயே."

குழந்தையின் மீதித் தலைக்கும் பூசி முடித்தேன். ஒரு பிள்ளையைப் பாதிச் சந்தனத்தோடு அனுப்பினால் அவரே எழுந்து வந்து திட்டுவார்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். "நீதான் வாயாடி, சாமியைப் பத்தி நீயே எழுது" என்று ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போகிற எங்கள் ரயில் கூட்டத்தார் சொன்னதால் எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும்.

சுந்தரேசன் சாமி மலைக்கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைத்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே அடுப்படியில் நின்றவர்கள்தான். அந்தச் சமையலுக்கு ஒரு கட்டு உண்டு. படைப்பதற்கு முன்னால் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. உள்ளங்கையில் அள்ளிப் போட்ட உப்பு, போட்டதுதான். நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, அவருக்கு ருசி அடியோடு போனபோது ஊரே உச்சுக் கொட்டியது. அவரோ, "நான் என்னிக்கு ருசி பாத்து சமைச்சேன்? நாக்கு லீவு போட்டா கைக்கு என்ன வந்தது?" என்றாராம்.

நான் அவரைப் பார்த்துப் பேசியது சென்னை போகும் காலை ரயிலில்தான். எனக்கு மார்பில் கட்டி எடுத்து, கீமோ ஊசி ஆரம்பித்திருந்த சமயம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் திருத்தணியிலிருந்து ஒரே பெட்டியில் ஏறுவோம். மருந்துப் பையைப் பார்த்தே ஒருவரையொருவர் தெரிந்துகொள்வோம். எனக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. இந்த ஊரில் மொட்டைத் தலைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. "வேண்டுதலா?" என்பார்கள், "ஆங்" என்பேன். சந்தனத்தைப் பூசிக்கொண்டு கடையில் உட்கார்ந்து, "பாருங்க, நானே விளம்பரம்!" என்று சிரிப்பேன். ரயிலிலும் அதே கூத்துதான். "தேவகி இருந்தா வியாதியே ஓடிப் பூடும்" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, சிரிக்க வைப்பது என் வேலை என்றே ஆகிவிட்டது.

சாமி மட்டும் சிரிக்க மாட்டார். பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், வறண்ட வாயால் இரண்டு சொல் பேசுவார், மறுபடி தண்ணீர். அவருடைய சிகிச்சை முடிந்திருந்தது. இருந்தாலும் ஊசிக்குப் போகிறவர்களோடு கூடவே வருவார். கையில் ஒரு தூக்கு. அதில் குழையக் குழைய வெந்த பாசிப்பருப்புப் பொங்கல், காரமில்லாமல். வயிற்றில் எதுவும் நிற்காதவர்களுக்கும் அது இறங்கும்.

வீட்டில் அவர் மனைவிதான் உப்பு பார்த்துச் சொல்வார். ஒருமுறை அந்த அம்மா பள்ளிப்பட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். தூக்கை வாங்கிப் போக நான் போய் நின்றேன். சாமி கரண்டியோடு திகைத்துப்போய் நின்றிருந்தார்.

"அண்டாவுக்குத்தான் என் கைக்கு அளவு தெரியும். இந்தச் சின்னப் பாத்திரத்துக்குத் தெரியலை. கொஞ்சம் வாயில விட்டுப் பாரு, தேவகி."

நான் வாசற்படியைத் தாண்டவில்லை. "ஐயோ சாமி, எச்சிலாயிடுமே!"

"இது மலை மேல இருக்கறவனுக்கு இல்லை. டிரெயின்ல வர்றவாளுக்கு. உள்ள வா."

போனேன். வாங்கி வாயில் போட்டேன். நனைந்த பஞ்சைத் தின்ற மாதிரி இருந்தது. எனக்கும் ருசி செத்து வெகு நாளாகியிருந்தது. சாப்பாடு இறங்காததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைய ஊசியோடு சிகிச்சையை விட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்ததையும் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு, "கம்மியா கீது சாமி. கஞ்சத்தனம் பண்ணாம போடுங்க" என்றேன். போட்டார். "இப்போ?" "இன்னும் கொஞ்சம்." மறுபடி போட்டார்.

ரயில் கிளம்பியதும் தொன்னையில் பரிமாறினோம். எல்லோரும் அமைதியாகச் சாப்பிட்டார்கள். ஒருத்தர் "நல்லா கீது சாமி" என்றுகூடச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் துணையாக வந்த ஏழுமலை ஒரு வாய் போட்டார். கண் இரண்டும் பிதுங்க, ஜன்னலுக்கு ஓடினார்.

"இன்னா சாமி இது! உப்பு மூட்டைய அவிழ்த்துக் கொட்டினீங்களா? எப்படிய்யா எல்லாரும் துன்னுகினு கீறீங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பக்கத்துச் சீட்டில் ருசி தெரிந்த நாக்கு ஏழுமலையுடையது ஒன்றுதான். பெட்டியே குலுங்கிச் சிரித்தது. சாமி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உனக்கும் போயிடுத்தா?"

ஏதாவது கிண்டல் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஏழுமலை பதறிப்போய், "அழாதம்மே, அழாத" என்றார். சாமி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அழட்டும். அரக்கோணம் வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு சட்டமா இருக்கு?"

அரக்கோணம் தாண்டித்தான் என்னால் பேச முடிந்தது. "இதோட போதும் சாமி. அடுத்த ஊசிக்கு நான் வரல."

மற்றவர்களாக இருந்தால் தைரியமாக இரு என்பார்கள், பிள்ளைகளை நினைத்துப் பார் என்பார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எது கஷ்டமா இருக்கு? ஊசியா, வாந்தியா?"

யோசித்துப் பார்த்தேன். "சிரிக்கறதுதான் சாமி."

"அப்போ அதை நிறுத்து. ஊசியை நிறுத்தாதே."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி ஊசிகளையும் போட்டு முடித்தேன். ரயிலில் நான் வாய் மூடி உட்கார்ந்திருந்தால், "இன்னிக்கு லீவா?" என்பார். ஆமென்று தலையாட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். யாரிடமும் அவர் "எப்படி இருக்கே?" என்று கேட்டதில்லை, அதற்கு எல்லோரும் பொய்தான் சொல்வார்கள் என்பார். "இன்னிக்கு என்ன இறங்கித்து?" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக வரும். தன்னால் ஆகாதது தெரிந்தால், "நான் சமையல்காரன். ஆஸ்பத்திரியில பேசறதுக்குன்னே ஒரு அம்மா இருக்கா. படிச்சவா. வா, போய் உக்காரலாம்" என்று அவரே கூட்டிக்கொண்டு போவார். என்னையும் அப்படித்தான் கூட்டிப் போனார். ஏழுமலையையும் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார். என்னைவிட அதிகம் பயந்துபோயிருந்தது அந்த மனுஷன்தான் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

போன மழைக்காலத்தில் சாமிக்கு அந்த நோய் கழுத்தில் திரும்ப வந்தது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் முடியும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். பழக்க தோஷம், "இன்னா சாமி, டிரெயின்ல உங்க சீட்டை நான் புட்ச்சிக்கினேனே" என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கினார்.

"இன்னிக்கு லீவு, தேவகி."

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து, "பயமா இருக்கு" என்றார். தைரியமாக இருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் கற்றதைத்தான் கேட்டேன்.

"எது சாமி கஷ்டமா கீது?"

"வர்றவாளெல்லாம் முருகன் காப்பாத்துவான், எழுந்து நடப்பேள்ங்கறா. நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்ட வேண்டியிருக்கு. கழுத்து வலிக்கறது."

"அப்போ ஆட்டாதீங்க."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் சத்தமில்லாமல். அதற்குப் பிறகு யாராவது அப்படிச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாராம். அவர் மனைவி சொன்னார்.

நேற்று எங்கள் ரயில் நாள். என் ஊசி முடிந்தும், சாமி மாதிரியே நானும் கூடப் போய்க்கொண்டிருக்கிறேன். விடிகாலையில் எழுந்து நானே பொங்கல் வைத்தேன். எனக்கு ருசி திரும்பி வந்து நாளாயிற்று. குழம்பு கொதிப்பதற்குள் மூன்று தரம் நக்கிப் பார்க்கிற ஜென்மம் நான். கரண்டி உதடு வரைக்கும் வந்தது. கீழே வைத்துவிட்டேன். அவரை வழியனுப்புகிற சாப்பாட்டை அவர் சமைத்த மாதிரியே சமைக்க வேண்டும் என்று தோன்றியது. உப்பை உள்ளங்கையில் அள்ளிப் போட்டு மூடினேன்.

ரயிலில் அவருடைய ஜன்னலோரச் சீட்டில் முதல் தொன்னையை வைத்தேன். யாரும் அங்கே உட்காரவில்லை. மணவூரில் சாந்தி ஏறினாள். கீமோ ஆரம்பித்ததிலிருந்து எதைத் தின்றாலும் மண் மாதிரி இருக்கிறது என்று, இரண்டு வாயோடு வைத்துவிடுகிற பெண். அவளுக்கும் ஒரு தொன்னை கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. உப்பு பத்தல."

பெட்டியே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாக்கா, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள். கூட வந்திருந்த ஏழுமலை தன் தொன்னையிலிருந்து ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, பத்தலதான்!" என்று கத்தினார். நான் சிரித்தேன். யாருக்காகவும் இல்லை, எனக்கே வந்த சிரிப்பு.

ஜன்னலோரம் வைத்த தொன்னையில் அப்போதும் லேசாக ஆவி போய்க்கொண்டிருந்தது.

சாமி, கேட்டுச்சா? சாந்தி நாக்குக்கு உப்பு பத்தலையாம். நிம்மதியா போயிட்டு வாங்க.