மன்னார் அக்காவின் முப்பத்தொரு படி

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், பழைய மாளிகை ஒன்றின் சமையலறையில் நிற்கிறோம். அமெரிக்கரான என் வரலாற்றுப் பேராசிரியர் இருபது வருடமாக ஆராய்வது இப்படியான வீடுகளின் வேலைக்காரர்களைத்தான். அவர்கள் உடைத்த கோப்பைகள்கூட ஆவணங்களில் இருக்கின்றன, அவர்களின் பெயர்கள் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய படிக்கட்டு எதற்கு என்கிறார். இங்கே வேலை செய்யும் மன்னார் அக்காவிடம் நான் தமிழில் கேட்கிறேன்.

"விருந்தாளியளின்ரை கண்ணிலை படாமல் நான் கோப்பி கொண்டு போறதுக்கு. முப்பத்தொரு படி, தம்பி. வேணுமெண்டால் உங்கடை புரொபெசர் ஏறி எண்ணட்டும்."

எண்ணிவிட்டு மூச்சிரைக்க வந்தவர், சிரித்தபடி அக்காவின் பெயரைக் கேட்கிறார்.

"ஐயோ, பேர் போடாதேங்கோ. இஞ்சை இருக்கிறதுக்கு எனக்கு இன்னும் பெர்மெசோ, அந்த அனுமதிக் கடதாசி, வரேல்லை. வந்த உடனை கடிதம் போடுறன், அப்ப பெரிசா எழுதுங்கோ."

முப்பத்தொரு படி என்று குறித்து, அதன்கீழ் பெரிய எழுத்துக்குப் போதுமான இடம் விடுகிறேன்.