புள்ளி விழுந்த கல்வாழை

பத்தாவது வரை படித்தவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சம்பள நாளில் போடுகிற கையெழுத்து ஒன்றுதான். இப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தால் படிக்கிறவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கல்வாழைப் பூவைப் பற்றித் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மறுத்துப் பேச எனக்கு வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறோம். பொம்மை, பூந்தொட்டி எல்லாம் செய்கிற இடம். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. சூளையில் வெந்து வருகிறவற்றைச் செக்கிங் செய்வது அவள் வேலை. ஒரு பிள்ளையாரைக் கையில் எடுப்பாள், ஒரு சுற்றுச் சுற்றுவாள், வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்ப்பாள். மேல்பூச்சில் கடுகளவு புள்ளி இருந்தாலும் பிள்ளையார் ரிஜெக்ட் கூடைக்குப் போய்விடுவார். சாமி என்றெல்லாம் பார்க்க மாட்டாள். இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்பதில்லை. மார்க்கெட்டில் அவள் தக்காளியைச் சுற்ற ஆரம்பித்தால் கடைக்காரர், "யக்கோவ், அது தக்காளி, பொம்ம இல்ல" என்று கத்துவார். எங்கள் மகளுக்கு முதலில் வந்த மாப்பிள்ளையின் போட்டோவையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துத்தான் பார்த்தாள். அந்த மாப்பிள்ளையும் கூடைக்குத்தான் போனார்.

எங்கள் தெருவில் யாரும் பூந்தொட்டியைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஊரில் மற்ற பீங்கான் கம்பெனிகள் கழித்துப்போடுகிற கோணலாக வெந்த வாஷ்பேசின், விரிசல் விட்ட கக்கூஸ் கோப்பை என்று ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். எதிர் வீட்டு அக்கா துளசியையே வாஷ்பேசினில்தான் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு வெஸ்டர்ன் கோப்பை மண் நிரப்பிக் கிடந்தது.

பக்கத்தில் சாக்கடை ஓரமாகச் சிவப்புக் கல்வாழை தானாக நிற்கும். பெண்ணாடத்து மைத்துனர் வீட்டிலிருந்து மஞ்சள் கல்வாழைக் கிழங்கு கொண்டுவந்து அதன் பக்கத்தில் நட்டேன். இரண்டும் பூத்துக் காய்த்துக் கறுப்பு விதை விட்டன. கல்வாழையை எங்கள் பக்கம் விதை போட்டு வளர்க்கிறவர் கிடையாது. கிழங்கைப் பிட்டு வைத்தால் போதும். விதையின் தோல் கல் மாதிரி இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு நாள் என் சட்டைப் பையில் அந்த விதை ஒன்று கிடந்தது. டீ நேரத்தில் கை சும்மா இருக்காமல் அதை உப்புத்தாளில் தேய்த்தேன். உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து கோப்பையில் போட்டேன், முளைத்துவிட்டது.

அது பூத்தபோது நான் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு நின்றேன். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. பாலில் துளி மஞ்சள் கலந்த மாதிரி ஒரு நிறம். அதன்மேல் யாரோ பிரஷ்ஷை உதறியது போலச் சிவப்புப் புள்ளிகள், ஓரத்தில் மெல்லிய ரோஜா நிறக் கோடு. அடுத்த குலையும் அப்படியே வந்தது.

கம்பெனிக்குத் தொட்டி வாங்க வருகிற நர்சரிக்காரரிடம் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு பூவை வைத்து நீட்டினேன். நீட்டவே எனக்கு அவருடைய மூன்று வருகைகள் ஆயின.

"இது எங்கண்ணே கெடச்சுது?"

"வூட்ல."

"வூட்லன்னா?"

கோப்பை என்று சொல்ல வாய் வரவில்லை. "பின்னாடி" என்றேன்.

"நான் இப்பிடி ஒண்ணு பார்த்ததே இல்ல. ஞாயித்துக்கெழம வரேன். பூ செடியில இருக்கணும், அறுத்துடாதீங்க. கொஞ்சம் கிழங்கு குடுத்தீங்கன்னா எங்கிட்ட வச்சுப் பார்க்கிறேன். அங்கயும் இப்பிடியே பூத்தா புது ரகந்தான். புது ரகம்னா பேரு வேணும். அத நீங்கதான் சொல்லணும்."

பேருக்காக நான் யோசிக்கவே இல்லை. என் மனைவியின் பெயர்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பேன், இல்லாவிட்டால் செருமுவேன். திரும்பிவிடுவாள். வெட்கப்பட்டுக்கொண்டே இருந்து வயதும் ஆகிவிட்டது. நர்சரிக்காரர் அவள் பெயரை எழுதிச் செடியில் கட்டிவிட்டால், நான் வாயைத் திறக்காமலே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் அவர் காதோடு சொல்லிவிடுவதாகத் திட்டம். ஆகவே அவளிடம், "ஞாயித்துக்கெழம ஒருத்தர் செடிய பார்க்க வராரு" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"எந்தச் செடிய? கக்கூஸ்ல இருக்குதே அதயா?"

"அதுலதான் நல்லா வருது."

"வரும் வரும். ஏன் வராது" என்றாள்.

ஞாயிறு காலை பூக்கள் நன்றாக விரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நர்சரிக்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். காதோடு சொல்ல இடமே கிடைக்கவில்லை. நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது எதிர் வீட்டு அக்கா வாசலில் கழுவிக்கொண்டிருந்த தன் மாட்டை அப்படியே விட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்துவிட்டார். அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

பின்பக்கம் கோப்பையைக் காணோம். அதைச் சுற்றி, சரிகைக் கரை வெளியே தெரிய, கொசுவம் வைத்து, கல்யாண வீடுகளுக்கு மட்டும் நான் கட்டுகிற வேட்டி கட்டியிருந்தது. அதற்கு மேலே செடி. செடியில் பூ. பளீர் என்று சிவப்பு. சாக்கடை ஓரத்துச் சிவப்பு.

நர்சரிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தண்டை விரலால் தடவினார். "யக்கா, பூவ வாழநாருல கட்டியிருக்குது."

"ஆமாங்க" என்றாள் என் மனைவி பெருமையாக. "நல்ல பூவா பார்த்து எடுத்துக் கட்டினேன். ஒண்ணுலயும் ஒரு புள்ளி கெடையாது. வேணும்னா சுத்திப் பாருங்க."

"இதுலயே இருந்த பூவு?"

"அத ஏன் கேக்குறீங்க! பூராப் புள்ளி. ஓரமெல்லாம் சாயம் ஒதுங்கிப் போயிருக்குது. வர்ற மனுசன் இன்னா நெனைப்பாரு? எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு வுடாம."

"அவ கண்ணுக்குத் தப்புமா?" என்றார் எதிர் வீட்டு அக்கா. "சாமியவே கழிச்சுப் போடறவ."

கழித்த பூக்கள் அந்த அக்கா வீட்டு மாட்டுக்காக வைத்திருந்த கழுநீர் பக்கெட்டில் கிடந்தன. நர்சரிக்காரர் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி ஒரு இதழை எடுத்தார். ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டு, வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அதை என் மனைவியிடம் கொடுத்தார்.

"யக்கா, இந்தப் புள்ளிக்காகத்தான் நான் பஸ்ஸு ஏறி வந்தேன்."

"புள்ளிக்கா?" அவள் என் பக்கம் திரும்பினாள். "இத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

நான் செருமினேன்.

நர்சரிக்காரர் பையிலிருந்து ஒரு அட்டையையும் பேனாவையும் எடுத்தார். "பரவால்ல, கிழங்கு இருக்குது, பூத்துடும். பேரச் சொல்லுங்கண்ணே. எழுதிக் கட்டலன்னா மத்ததோட கலந்துடும்."

"கக்கூஸ் ராணின்னு எழுதுங்க" என்றார் எதிர் வீட்டு அக்கா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேரைச் சொன்னேன். சத்தம் வரவில்லை. "இன்னாண்ணே?" என்றார் அவர். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை தெருமுனை வரை கேட்டதாக எதிர் வீட்டு அக்கா இன்றைக்கும் சொல்லி வருகிறார்.

"இன்னாங்க?" என்றாள் என் மனைவி.

"ஒன்ன இல்ல. பூவுக்கு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். சிவந்தது. நான் எதிர்பார்த்த சிவப்பு இல்லை.

"எம் பேரயா? இந்தப் புள்ளி வுழுந்ததுக்கா? வேற பூவே கெடைக்கலயா? அதோ நிக்குது பாருங்க சிவப்பு, ஒரு கொற சொல்ல முடியுமா? அதுக்கு வைங்களேன்!"

"அது எல்லா வூட்லயும் இருக்குதுக்கா" என்றார் நர்சரிக்காரர். "இது இங்க மட்டுந்தான் இருக்குது."

செக்கிங் மேஜையில் அவள் ஒரு பொம்மையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஈர இதழை அப்படி வைத்திருந்தாள். நான் வேட்டியின் சரிகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதறதுன்னா ஒழுங்கா எழுதச் சொல்லுங்க" என்றாள் கடைசியில், என்னைப் பார்த்து.

நர்சரிக்காரர் எழுதினார். வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். கடைசி எழுத்து கீழே இறங்கியிருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது அட்டை தேறியது. அவர் செடியின் அடியிலிருந்து பிட்டெடுத்த ஒரு கிழங்கில் அதைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸில் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை, செடியில் ஒரு மொட்டு விரிந்திருந்தது. புள்ளி நிறைய இருந்தது. அவள் பார்த்தாள், பறிக்கவில்லை. வேட்டியில் மண் கறை போகவில்லை என்பதால் மறுபடி ஊறவைத்துவிட்டு, இருவரும் வேலைக்குப் போனோம்.