உட்பக்கம் தேய்ந்த கத்தரிகள்

பதினாறு வருஷம் பிறர் தலைமுடியை வெட்டிய பிறகு அவளுக்கு வலது கட்டைவிரல் மடங்காமல் போனது. மழுங்கிய கத்தரிகளோடு மல்லுக்கட்டியதன் பலன் என்றார் மருத்துவர். இனிமேல் ஒரு நாளைக்கு மூன்று தலைக்கு மேல் தொடக் கூடாதாம். மூன்று தலைக்காக எந்த பார்லரும் ஆள் வைத்துக்கொள்ளாது. ஆகவே முடி வெட்டுவதை விட்டு, வெட்டும் கத்தரியைச் சாணை பிடித்துச் சீராக்கக் கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கணவன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கடை பிடித்துக் கொடுத்தது அண்ணன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்பவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும் ஓர் அறை. பலகையில் பெயர் எழுதியதும் அவன்தான். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். அப்பா போன பிறகு அவளை ஆளாக்கியவன். இந்த வயதிலும் அவளை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால், தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் செய்வதை வேடிக்கை பார்ப்பான்.

முதல் எட்டு மாதம் அவள் ஈ ஓட்டினாள். வாரத்துக்கு நாலு கத்தரி வந்தால் பெரிய விஷயம்.

"வரும் பாப்பா, வரும்" என்பான் அண்ணன். சொல்லிவிட்டு அவளைவிட அதிகமாக அவனே தெருவை எட்டிப் பார்ப்பான்.

அந்த நாட்களில் ஒருமுறை சாணைச் சக்கரம் கைதவறி விழுந்து, ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த சக்கரத்தை ஓட்டக் கூடாது. சுற்றுகிற வேகத்தில் வெடித்தால் எதிரே இருப்பவர் முகம் மிஞ்சாது. அவள் புதுச் சக்கரம் மாட்டினாள். பழையதை, "நான் குப்பையில போட்டுடறேன்" என்று அண்ணன் எடுத்துப்போனான். அதற்குப் பிறகு அவன் கடைக்கு வருவது குறைந்தது. ஏதோ வேலை கிடைத்திருக்கும் என்று அவளும் கேட்கவில்லை.

பிறகு அவளுக்கு வேலை வரத் தொடங்கியது. ஒரே மாதத்தில் பதினோரு கத்தரிகள். பதினொன்றுக்கும் ஒரே நோய்.

நல்ல கத்தரியின் அலகுகள் உட்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். மூடும்போது இரண்டும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிவரை ஓடும். முடி அறுபடுவது அங்கேதான். வந்த கத்தரிகளில் அந்தக் குழிவையே யாரோ சக்கரத்தில் வைத்துத் தட்டையாக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட கத்தரி முடியை வெட்டாது, மடக்கி இழுக்கும். வளைந்த கல்லில் குழிவைத் திரும்ப எடுத்து, வெளி ஓரத்தைச் சரித்து, நடுத் திருகாணியை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்து, கடைசியில் நனைத்த டிஷ்யூ காகிதத்தை வெட்டிப் பார்ப்பாள். கிழியாமல் வெட்டினால் பிழைத்தது. ஒரு கத்தரிக்கு அரை நாள் போனது.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. கத்தரிகள் வந்துகொண்டே இருந்தன. யாரோ தொழில் தெரியாதவன் கெடுக்கிறான் என்று முதலில் நினைத்தாள். பிறகு அது சரியாகப் படவில்லை. தெரியாதவன் செய்கிற தப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இது அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தது. கத்தரியின் உயிர் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒருவன், அந்த இடத்தைப் பார்த்துக் கைவைத்திருந்தான். அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து கடை வாசலில் நிழல் விழுந்தாலே அவள் வருபவர் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

கத்தரிகள் வரத் தொடங்கிய நாலாவது மாதம், ஒரு காலையில், முடி வெட்டும் பெண்ணொருத்தி வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். துண்டில் சுற்றிய கத்தரியை மேஜையில் வைத்தாள். துண்டில் கறுத்துப் போன ரத்தம்.

"என்னம்மா இது?"

"கஸ்டமரோட காது. வெட்டிக்கிட்டு இருக்கும்போது முடி மாட்டிக்கிச்சு. வெடுக்குன்னு இழுத்தேன், நழுவிடுச்சு. மூணு தையல். என்னை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"யாரு சாணை பிடிச்சது?"

"வாசலுக்கே வந்து கேட்டாரு ஒருத்தர். காலைல வாங்கிட்டுப் போய் சாயங்காலம் கொண்டுவந்தாரு. ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. ஆனா ரொம்ப மரியாதையாப் பேசினாரு. சரியா வரலேன்னா பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட போங்கன்னு அவரே சொன்னாரு."

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். தட்டையான உட்பக்கத்தில், சீரான இடைவெளியில், சின்னச் சின்ன வடுக்கள். சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒரு கொத்து. ஓரம் பெயர்ந்த சக்கரம்தான் அப்படிக் கொத்தும். உட்பக்கத்தை மட்டும் சக்கரத்தில் காட்டவே கூடாது என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரே ஓர் ஆளிடம்தான் அவள் சொல்லியிருந்தாள்.

கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அவள் மனதில் கோபம் வரவில்லை. அந்தச் சக்கரம் வெடித்து அண்ணன் முகத்தில் தெறிப்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அண்ணி கதவைத் திறந்தாள். "பின்னாடி ஏதோ வேலையா இருக்காரு. எங்க போறாரு, எப்ப வர்றாருன்னு எனக்கே சொல்றதில்ல" என்றாள்.

கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் மோட்டார் இரைந்தது. ஓட்டத்தில் ஒரு தடங்கல். டக், டக் என்று சீராக. அவள் நேரே போய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சக்கரம் மெல்லச் சுற்றி ஓய்ந்தது. பலகையில் இன்னும் நாலு கத்தரிகள் காத்திருந்தன.

"இது வெடிச்சா செத்துப் போயிருவே அண்ணா."

"மெதுவாத்தான் ஓட்டறேன். வேகத்தைக் குறைச்சு வச்சிருக்கேன்."

"எத்தனை கடை?"

அவன் யோசித்தான். "இருபத்தி மூணு. இன்னும் ரெண்டே மாசம் பாப்பா. அதுக்குள்ள உன் கடை நிமிர்ந்துடும். அப்புறம் நானே நிறுத்திடுவேன்."

"ஒருத்தருக்குக் காது கிழிஞ்சிருக்கு. ஒரு பொண்ணுக்கு வேலை போயிடுச்சு."

"அவங்க பார்த்து வெட்டியிருக்கணும்" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அந்த ஸ்டூலுக்கு எதிர்ல சும்மா உட்கார்ந்திருக்கறதை என்னால பார்க்க முடியல" என்றான்.

அவன் முகத்தில் குற்ற உணர்வே இல்லை. கேட்காமலே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு, அது வெளியே தெரிந்துவிட்டதே என்று நிற்பவனின் கூச்சம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

சக்கரத்தைக் கழற்றிச் சம்மட்டியால் உடைத்தாள். நாலு கத்தரிகளையும் எடுத்துக்கொண்டாள். மறுநாள், அந்தப் பெண்ணை வேலையைவிட்டு அனுப்பிய பார்லர்க்கார அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க அண்ணன்னு சொல்றீங்க. உங்க கடைக்குத்தான் ஆள் அனுப்பியிருக்காரு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் எப்படிம்மா நம்பறது?" என்றாள்.

அவள் அங்கிருந்து நேரே கிளம்பினாள். தானே காவல் நிலையத்துக்குப் போய் அண்ணன் மேல் புகார் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அண்ணனை இரண்டு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். முடி வெட்டும் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. "கூடப் பிறந்தவரைக் காட்டிக் குடுத்துட்டியே" என்று அண்ணி ஒரே ஒரு தடவை போனில் சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு மாதத்துக்குள் அவர்கள் வீடு மாறிப் போனார்கள். எங்கே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மிச்சமிருந்த கடைகளுக்கு அவளே நடந்தாள். கெட்டுப்போன கத்தரிகளைச் சும்மாவே சரிசெய்து தருவதாகச் சொன்னாள். சிலர் கொடுத்தார்கள். சிலர் கத்தரியை அவள் கையில் கொடுக்கவே யோசித்து, கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்தே தலையாட்டி அனுப்பினார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு கத்தரி வருகிறது. சில வாரம் அதுவும் இல்லை.

மாதத்துக்கு ஒரு தடவையாவது தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். பகல் பதினோரு மணி வாக்கில். பின்னால் ஏதோ ஒரு தெருவின் இரைச்சல் கேட்கும்.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"ம்."

"வேலை வருதா?"

காலியான மேஜையைப் பார்த்துக்கொண்டே அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"நிறைய வருது அண்ணா. தலைக்கு மேல வேலை. நீ ஒண்ணும் கவலைப்படாதே."

இல்லை என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருக்கிறது.